இழுத்த வடமும் ஊதிய வடமும்

பொதட்டூர்பேட்டை, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரத்தோடு ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்த நெசவூர். விசைத்தறி ஓசை கேளாத தெரு அங்கே அரிது. நாம் சென்றிருந்த ஒரு காலையில், தறியோசையையும் மீறிச் சாலையோரத்தில் பெட்ரோல் எஞ்சின் ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. அதன் உருளையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிய கயிறு, நிலத்தடிக் குழாயின் வழியே ஒளியிழை வடத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அருகில் நின்ற முதிய நெசவாளர், "எந்த இழைக்கும் ஒரு பொறுமை உண்டு சார், அதுக்கு மேல இழுத்தா போச்சு" என்றார்.

அவர் சொன்னது பாவு நூலைப் பற்றி. கண்ணாடி இழைக்கும் அதுவே பொருந்தும். செம்புக் கம்பி சற்று நீண்டாலும் பேச்சைக் கடத்தும். ஒளியிழையை அளவு மீறி இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் வளர்ந்து ஆண்டுகள் கழித்தும் முறியலாம். ஆகவே நிலத்தடி வடத்துக்குப் பொதுவாக 2700 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 275 கிலோ இழுப்பே உச்சவரம்பு.

இந்தியாவில் தொலைபேசி நிலையங்களை இணைக்கும் முதல் ஒளியிழைத் தடம் 1979இல் புனேயில் அமைந்தது. ஆனால் வடத்தை இழுக்கும் உருளையின் கதை அதற்கும் மிகப் பழையது. கப்பற்கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்த துறைமுகத் தொழிலாளர் கையால் அறிந்ததை, 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்காக்கினார். சுற்று கூடக் கூடப் பிடிப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளரும். அதனால்தான் சிறு எஞ்சினின் உருளையில் கயிற்று நுனியை ஒருவர் பிடித்திருந்தாலே பெருஞ்சுமை நகர்கிறது.

அதே விதி குழாயின் வளைவுகளில் பகையாகிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு செங்கோண வளைவு இழுவிசையை 1.6 மடங்காக்கும், நான்கு வளைவுகள் 6.6 மடங்காக்கும். 40 கிலோவில் தொடங்கிய இழுப்பு 264 கிலோவாகி வரம்பருகே வந்து நிற்கும். எஞ்சினைப் பெரிதாக்கிப் பயனில்லை, போதாமை இழையினுடையது.

வழி காற்றில் பிறந்தது. 1980களில் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள், எடை குறைந்த இழைக்கற்றைகளைக் குழாய்க்குள் காற்றால் ஊதிச் செலுத்தினர். அப்பத்தாண்டின் இறுதியில் நெதர்லாந்துத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வில்லெம் கிரிஃபியூன், குழாய் வாயில் எந்திரத்தால் தள்ளுவதையும் உள்ளே காற்றை ஊதுவதையும் இணைத்து, முழு வடத்தையே அனுப்பும் முறையை வகுத்தார். காற்று வடத்தின் நுனியை மட்டும் பற்றாமல் நெடுகப் பற்றிச் செல்கிறது. ஆகவே விசை ஓரிடத்தில் குவிவதில்லை. நல்ல குழாயில் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும். பெட்ரோல் எஞ்சினும் வேலையிழக்கவில்லை. தள்ளும் எந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய் அழுத்தத்தைப் பல இடங்களில் அதுவே தருகிறது.

நெசவுலகம் இதனை முன்பே கண்டிருந்தது என்பதுதான் நமக்கு வியப்பு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செக்கோஸ்லோவாக்கியாவில் காற்றுத்தறிகள் உருவாயின. அவற்றில் நாடா இல்லை. ஊடை நூலைக் காற்றே பாவுக்குள் கொண்டு செல்லும். தொலைபேசிப் பொறியாளர்கள் தறியைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வேலைதான்.

2011இல் ஒப்புதல் பெற்ற, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டு செல்ல முனைந்தனர். இங்கே பெரும்பகுதி வடம் மண்ணுக்குள் போகாமல் மின்கம்பங்களில் ஏறியது தனிக்கதை.

காற்றுத்தறியைப் பற்றி அந்த நெசவாளரிடம் சொன்னோம். கூர்ந்து கேட்டவர், "அந்தத் தறிக்கு எத்தனை ஆள் வேணும்?" என்றார். நாம் பதில் தேடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றது. வடத்தின் நுனி குழிக்கு வந்துவிட்டிருந்தது.