கிருபைக் கோட்பாடும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும்

கிருபை என்பது, கிறித்தவ இறையியலில், மனிதர் தம் தகுதியால் ஈட்டாமல் கடவுளிடமிருந்து இலவசமாகப் பெறும் அருளைக் குறிக்கும் சொல்லாகும். நற்செயல்களால் அன்றி, இவ்வருளை நம்பி ஏற்பதனாலேயே ஒருவர் கடவுள்முன் நீதிமான் ஆகின்றார் என்பது 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் வலியுறுத்திய கொள்கை. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தோற்றத்திற்கு, இக்கொள்கையைச் சாதி வழக்கத்தோடு எவ்வாறு பொருத்துவது என்ற பிணக்கு காரணமாயிற்று.

சொல் வழக்கு

சீர்திருத்தத் திருச்சபையினர் 'கிருபை' என்ற வடசொல்லையே பெரிதும் வழங்குவர். 1995இல் வெளியான திருவிவிலியம் 'அருள்' என்ற தமிழ்ச்சொல்லைக் கையாள்கிறது. அருள் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைச் சொற்களுள் ஒன்றுமாகும்.

கடலூரில் தொடக்கம்

கடலூரில் லுத்தரன் மறைப்பணி 1737இல் தொடங்கியது. 1740இல் வந்த சுவீடன் நாட்டவரான கீர்னாண்டர், 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றியதும் வெளியேறிக் கல்கத்தா சென்றார்.

சாதி விவாதம்

19ஆம் நூற்றாண்டில் தமிழகக் கிறித்தவர் பலர் கோவிலிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், இவ்வழக்கத்தை உடனே கைவிடுமாறு ஆணையிட்டார். தஞ்சையில் பலர் இதனை எதிர்த்தனர். வேதநாயக சாஸ்திரியார் அவர்களுள் ஒருவர். 1850இல் சென்னை மிசனரி மாநாடும் சாதியைக் கண்டித்தது.

1840 முதல் தமிழகத்தில் பணியாற்றிய செருமனியின் லைப்சிக் மிசன் இதில் மாறுபட்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளைச் செருமன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். சாதியைச் சமூக வழக்கமாகக் கொண்ட அவர் தரப்பினர், அதைத் துறப்பதை மீட்புக்கு நிபந்தனையாக்கினால் கிருபையின் இடத்தில் புதியதொரு சட்டம் அமர்ந்துவிடும் என்றனர். நற்செய்தி உள்ளிருந்து மெல்ல அதைக் கரைக்கும் என்றும் நம்பினர். அதே மிசனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. தகுதி பாராமல் அருளப்பட்டதைப் பெற்றவர், நற்கருணைப் பந்தியில் பிறப்பைப் பார்ப்பது அந்த அருளையே மறுப்பதாகும் என்பது அவர் நிலை. இரு தரப்பும் ஒரே கோட்பாட்டின்மீதே நின்று வாதிட்டமை குறிப்பிடத்தக்கது. கிரவுலின் வாதம் நுட்பமானதே. ஆனால் மெல்லக் கரையும்வரை காத்திருக்க வேண்டியவர்கள் பின்வரிசையில் அமர்த்தப்பட்டவர்களே.

ஓக்ஸ் லைப்சிக் மிசனிலிருந்து பிரிந்து, 1860களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். விரைவில் டேனிய மிசனரி சங்கம் அவருக்கு ஆதரவளித்தது. இப்பணியே பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. இதன் உறுப்பினருள் பெரும்பான்மையோர் தலித் மக்கள். லைப்சிக் மிசனின் சபைகள் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயின.

சிதம்பரம்

அருள் பிறப்பைப் பார்க்குமா என்ற வினா இப்பகுதிக்குப் புதியதன்று. இதே மாவட்டத்திலுள்ள சிதம்பரத்தின் நடராசரைக் காண ஏங்கிய திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். ஓக்ஸ் வாழ்ந்த காலத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனையாக்கினார். ஆயினும் நந்தனார் தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே கோவிலினுள் செல்கிறார். பிறந்த உடலோடே உள்ளே வரலாம் என்பதே ஓக்சின் வாதம்.

பிற்காலம்

1999 அக்டோபர் 31 அன்று செருமனியின் ஆக்ஸ்பர்க் நகரில், உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கிருபையால் நீதிமானாதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கடலூரின் கத்தோலிக்கர் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிடையேயும் தலித் கிறித்தவர் மிகுதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறித்தவருக்கு விரிவாக்கப்படவில்லை.