பதுளைக்கு வந்த ஐந்து இடங்கள்

(வரலாற்றுத் தொடர் – 7)

மருத்துவம் படிக்கத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். 1971-இல் வந்த இந்தக் கணக்கில் யாழ்ப்பாணம் கொதித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தரப்படுத்தல் என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கியிருந்தது. 1974-இல் கொழும்பிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. மாவட்டத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்களோ, அந்த விகிதத்தில் பல்கலைக்கழக இடங்கள்!

அந்தக் கணக்கோடு பதுளை மாவட்டத்துத் தோட்டப் பகுதியான பூனாகலைக்கு ஏறுவோம்.

1971 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் நூறு பேருக்கு ஏறக்குறைய ஐந்து பேர் பதுளை மாவட்டத்தார். நூறு இடம் இருந்தால் பதுளைக்கு ஐந்து. ஆனால் அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர். ஐந்தில் ஒன்றரை இடமாவது லயத்துக் காம்பராக்களில் இருந்தவர்களின் தலையை எண்ணியதால் வந்தது. அந்த இடத்துக்குப் போட்டியிட ஒரு தோட்டத்துப் பிள்ளையாவது உயர்தரம் வரை வந்திருக்க வேண்டுமே!

அன்றைய தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒரு மூலையில் சின்னதுகள் ஆனா ஆவன்னா சொல்லும். மறு மூலையில் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் வாத்தியார் பிரம்போடு நிற்பார். ஐந்தோடு படிப்பு சரி. அதற்கு மேல் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்து வருகிற அம்மா பஸ் காசுக்கு எங்கே போவாள்? 1945-இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதே தோட்டப் பள்ளிகளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அதே 1974 தோட்டங்களில் பஞ்சக் காலம். பசியால் சாவு விழுந்தது. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்த குடும்பங்கள் தலைமன்னார்க் கப்பலுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வீடுகளுக்குப் பல்கலைக்கழகம் என்ற சொல்லே எட்டியிருக்காது.

பின்தங்கிய மாவட்டத்துக்கு இடம் ஒதுக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். கொழும்புப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் ஒரே கோடு போடுவதுதான் அநியாயம். ஆனால் மாவட்டத்துக்கு உள்ளேயே ஒரு மலை இருந்ததை அந்த விதி பார்க்கவில்லை. டவுன் பள்ளியும் தோட்டப் பள்ளியும் ஒரே பதுளைதான் என்று எழுதியது பெரும் பிழை. அதன் வலி இன்றும் ஆறவில்லை.

விகிதங்கள் பிறகு பலமுறை மாறின. 1978-இன் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கி, யாரைச் சேர்ப்பது என்ற பொறுப்பை அதன் கையில் கொடுத்தது. திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்று இன்று நாம் கேள்விப்படும் நூற்றுவீதம் அதன்பின் உருவானதே. பதுளை அந்தக் கடைசிப் பட்டியலிலும் உண்டு.

1970-களின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகள் வரிசையாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அப்போது முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை உயர்தரம் எழுத 1990 ஆகிவிடும். அத்தனை வருடம் காத்திருந்து கதவருகே வந்தால், மலையகம் எங்கும் ஒரு முறைப்பாடு. பதுளையிலும் நுவரெலியாவிலும் வெட்டுப்புள்ளி குறைவு என்று தெரிந்து, வெளிமாவட்ட மாணவர்கள் இங்கே வந்து பதிந்து பரீட்சை எழுதுகிறார்களாம்!

அப்படியானால் பதுளைப் பிள்ளை என்பது யார்? பிறந்த இடமா, பெற்றோர் குடியிருக்கும் இடமா, படித்த பள்ளியா? ஆணைக்குழு மூன்று ஆண்டுக் கணக்கு ஒன்றைக் கையில் எடுத்தது. அந்தக் கணக்கு யாரைத் தடுத்தது, யாரை உள்ளே விட்டது?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் தோட்டப் பள்ளியின் பழைய வரவு இடாப்பு எங்காவது கிடந்தால், கறையான் அரிக்கும் முன் எடுத்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

(தொடரும்)