ஏக்கர் வரியும் ஏழையின் மருந்தும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் மக்களுக்கு அதுவே பட்டணம், ஆஸ்பத்திரியும் அங்கேதான். பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த புகையிரதம் இந்த மலைகளை இன்றுவரை எட்டிப்பார்க்கவில்லை. இத்தகைய இடத்தில் ஒரு தொழிலாளி நோயுற்றால் வைத்தியச் செலவை யார் ஏற்பது? ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டப் பிரதேசங்களில் எழுந்துவரும் கேள்வி இது. காலந்தோறும் விடைகள் கூறப்பட்டன. கூறியவர்கள் யார் என்பதே நாம் ஆராய வேண்டிய சரித்திரம்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள் பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலும் லயங்களிலும் மடிந்தனர். இந்தச் சாவுகளின் அவப்பெயரைத் தாங்க இயலாத நிலையில், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இல் அரசாங்கம் கட்டளைச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. பயிரிடப்பட்ட நிலத்தின்மீது ஏக்கர் கணக்கில் வரி விதித்து, அந்தப் பணத்தில் வைத்தியம் செய்வது என்பதே அதன் அடிப்படை. நிலத்தை உடையவன் அந்த நிலத்தில் உழைப்பவனின் உடல்நலத்திற்குப் பொறுப்பாளி என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது. கொள்கை நன்று. ஆயினும் அதை நிறைவேற்றும் பொறுப்பு தோட்டத்துரைமாரின் ஆதிக்கத்திலிருந்த மாவட்டக் குழுக்களின் கைக்கே போயிற்று. வரி கொடுப்பவரே வரியின் அளவையும் செலவையும் தீர்மானித்தனர். மருந்து தேவைப்பட்டவனுக்கு அங்கே இடமில்லை, குரலில்லை, வாக்குமில்லை.

இவ்வழக்கம் துரைமாரின் தாயகத்திலேயே வேரூன்றியது. இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்க ஊர்தோறும் சொத்து வரி வசூலிக்கப்பட்டது. 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி, அதை நிர்வகிப்போரைத் தெரிந்தெடுக்கும் தேர்தலில் சொத்து மிகுந்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் உண்டு. அந்த அநீதி 1894இல்தான் ஒழிந்தது. உதவி பெறும் ஏழையை விட்டுவிட்டு, உதவியின் செலவை எண்ணுபவனுக்கே வாக்கை அளிக்கும் மனப்பான்மை கடல் கடந்து ஊவா மலைகளுக்கும் வந்தது.

1880களில் இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் ஏக்கர் வரி கைவிடப்பட்டு, அதன் இடத்தில் ஏற்றுமதித் தீர்வை வந்தது. இம்மாற்றத்தின் பொருள் ஆழமானது. நிலத்தின்மீதான வரி, நிலம் உள்ள இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும். இன்ன தோட்டம் இவ்வளவு செலுத்தியது, இன்ன நோயாளிக்கு இவ்வளவு செலவாயிற்று என்று கேட்க வழியுண்டு. துறைமுகத்தில் வசூலாகும் தீர்வையோ கொழும்புக் கஜானாவில் கலந்துவிடும். லுணுகலையில் நோயுற்றுக் கிடப்பவன் எந்தக் கணக்கைப் புரட்டுவான்?

1912இல் புதிய வைத்தியத் தேவைக் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிக்க வேண்டுமென்றும், ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் போஷாக்கைக் கவனிக்க வேண்டுமென்றும் அது துரைமாரைப் பணித்தது. சொந்தமாக ஆஸ்பத்திரியும் மருந்தகமும் நடத்திய தோட்டங்களுக்குத் தீர்வையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. இவற்றால் நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டத்து மருந்துக்காரர் தோட்டத்தின் சம்பளத்தில் வாழ்பவர். வேலைக்கு வராதவன் நோயாளியா சோம்பேறியா என்று தீர்ப்பளிக்கும்போது அவர் யாருக்குக் கட்டுப்பட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கியது. மருந்தால் புழு வெளியேறியது. மலசலகூடமில்லாத லயத்து மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே மீண்டும் உடலுக்குள் புகுந்தது. சுகாதாரம் மருந்துப் புட்டிக்குள் அடங்குவதன்று. அது குடிநீர், கழிவுக்கான், மலசலகூடம், பாதை ஆகியவற்றில் தங்கியிருக்கிறது. இவை யாவும் உள்ளூராட்சியின் கருமங்கள். உள்ளூர் வரியால் நடைபெற வேண்டியவை.

அந்த உள்ளூராட்சியின் வாசலே தோட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டது. 1937இல் கிராமச் சங்கங்களின் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டங்களில் வதியும் தொழிலாளர் விலக்கி வைக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களுள் பதுளையும் அடங்கும். அந்த வெற்றிக்குக் கிடைத்த பதில் விரைவாகவே வந்தது: 1948இல் பிரஜாவுரிமை பறிபோயிற்று, 1949இல் வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. நாட்டில் இலவச வைத்தியம் வளர்ந்த காலத்திலும் தோட்ட வைத்தியம் தனித் தீவாகவே கிடந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பது 1990களில்தான் தொடங்கியது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைப் பாருங்கள். பயிரிடப்படும் பெருங்காணிகள்மீது ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அது அதிகாரம் அளித்தது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. பிரஜாவுரிமை மீண்ட பின்பு தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தனர். ஆனால் அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினரால் லயத்துக்குக் குழாய் நீர் கொண்டுவர இயலவில்லை. 2018இல்தான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அத்தடையை நீக்கியது.

கதவு திறந்துவிட்டது, பாதை தானாகப் போடப்படாது. சொத்துக்கு வரி, வரிக்கு வாக்கு, வாக்குக்குக் கணக்கு என்ற மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் ஏழையின் நோய்க்கு மருந்து உரிமையாகக் கிட்டும். 1872இல் வரி இருந்தது, வாக்கு இல்லை. 1987க்குப் பின் வாக்கு இருந்தது, செலவிடும் உரிமை இல்லை. இன்று இரண்டும் உண்டு. எஞ்சியிருப்பது கணக்குக் கேட்கும் பழக்கம். மலையகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் தம் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்து, கொழுந்தெடுக்கும் தாய்மார்முன் உரக்க வாசித்துக் காட்டட்டும். வரியில் எத்தனை ரூபா லயத்துக் குடிநீருக்கு, எத்தனை தாய்சேய்ச் சிகிச்சை நிலையத்துக்கு என்று அத்தாய்மார் கேட்கத் தொடங்கும் நாளில்தான் 1872இன் கேள்விக்கு உரியவர்கள் தாமே விடை எழுதியவர்களாவர்.