விருந்தினருக்கு எதைக் காட்டுவது?

வெளியூரிலிருந்து நண்பர் வந்தால் அவரை அருகிலுள்ள பெருநகருக்கு அழைத்துச் சென்று காட்டுதல் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பெருநகர் என்றால் கோலாலம்பூர்தான். தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாரத்திற்கு வரும் உறவினர்க்கும், வட மாநிலத் தோட்டங்களிலிருந்து வரும் தோழர்க்கும் நாம் வகுத்து வைத்திருக்கும் திட்டம் ஒன்றே. 452 மீட்டர் உயர்ந்து நிற்கும் இரட்டைக் கோபுரத்தின் அடியில் ஒரு படம்; பத்துமலையின் 272 படிகள்; பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு; மாலையில் துணிக்கடை. இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கண்ணுக்கும் விருந்து வேண்டியதே. ஆயினும், வந்தவர் ஊர் திரும்பி, "பெரிய நகரம், பெரிய கட்டடங்கள்" என்று மட்டும் சொல்வாராயின், ஊர் காட்டியவர் தம் கடமையில் பாதியையே செய்தவராவார். இந்நகரம் எவருடைய உழைப்பால் எழுந்தது, அவ்வுழைப்பாளர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பவற்றையும் சேர்த்துக் காட்டினாலன்றி அக்கடமை நிறைவுறாது.

ஆகவே, துறைமுகத்திலிருந்து தொடங்குவதே முறை. 1972 வரை ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என வழங்கிய இவ்விடம் 1901-இல் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் வேலையாட்களைப் பற்றிக்கொள்ளவே, துறையை மூட வேண்டியதாயிற்று. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்பொழுது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் அவ்வறிவைத் துணைக்கொண்டு, சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டுவித்து நீரை வடித்தார். காட்டைத் திருத்தச் செய்தார். அதன் பின்னரே துறை பிழைத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோருள் எண்ணற்றோர் கரையிறங்கியது இங்கேதான். தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, இங்கிருந்தே அவர்கள் தோட்டந்தோறும் பிரித்தனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறையோ, 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரை நீடித்தது.

துறைமுகத்திலிருந்து நண்பரை ரயிலில் அழைத்துச் செல்வதே நன்று. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் இப்பாதை போடப்பட்டது. 1890-இல் பாலம் கட்டி ஆற்றைக் கடந்து கிள்ளானையும், 1899-இல் துறைமுகத்தையும் அடைந்தது. மலாயாவின் இருப்புப்பாதைகளை அமைத்ததில் தமிழ்நாட்டுத் தொழிலாளருக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பாதைகளில் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தோர் பலர் யாழ்ப்பாணத் தமிழர். பின்னர், ஜப்பானியர் ஆட்சியில், மலாயாவின் ரயில்கள் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளரை வடக்கே சயாமுக்குக் கொண்டுபோய், பர்மாவுக்குப் போடப்பட்ட மரண ரயில்பாதையில் சேர்த்தன. அவர்களுள் மிகப் பலர் திரும்பி வரவில்லை.

கிள்ளான் நிலையம் வந்ததும் நண்பரைக் கட்டாயம் இறக்க வேண்டும். இங்கே காட்டுதற்கு உயர்ந்த கட்டடம் எதுவுமில்லை. ஆனால் சொல்லுதற்கு ஒரு பெருஞ்செய்தி உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணை நின்றவர்களுள் முதன்மையானவர் 'தமிழ் நேசன்' இதழில் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன். தொழிலாளரின் கோரிக்கைகளைப் படித்தால் அக்காலத் தோட்ட வாழ்க்கை முழுவதும் கண்முன் நிற்கும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் தகாது நடப்பதை நிறுத்த வேண்டும். துரையோ அவர்கீழ்ப் பணிபுரியும் உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை வேண்டும் என்பதே அது. வாசகர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றிவந்த ஓர் இனத்தார், தம் வீட்டு வாயிலுக்கு ஒரு நண்பர் வருவதற்கே முதலாளியிடம் உரிமை கேட்டுப் போராட நேர்ந்தது. தோட்டம் தனியார் சொத்து. அதனுள்ளிருந்த லயமும் அவ்வாறே. மாமன் வந்தாலும் மைத்துனன் வந்தாலும் அவர் அயலாரே.

கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் இதை நண்பரிடம் மறைப்பது முறையன்று. துரை ஆங்கிலத்தில் இட்ட கட்டளையைத் தொழிலாளியிடம் கொண்டு சேர்த்தவர் கிராணி. தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நின்றது அவருக்காகவுந்தான். ஆங்கிலக் கல்வி பெற்றவர் அக்கல்வியைத் தம் இனத்தாருக்குப் படிக்கட்டாக்குவதா, வேலியாக்குவதா என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

போராட்டத்தின் முடிவு துயரமானது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படையினர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சில மாதங்களில் ஜப்பானியர் படையெடுத்து வரவே, அதுவரை அசையாததாகத் தோன்றிய அதிகாரம் தானே கப்பலேறிற்று.

நிற்க. கிள்ளானை விட்டு ரயில் புறப்பட்டால் ஷா ஆலம், சுபாங் ஜெயா என நகரங்கள் வரிசையாக வரும். நண்பர் வியப்பார். ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேலும், சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தின் மேலும் எழுந்தவை என்று அவரிடம் சொல்ல வேண்டும். நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவும் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டமே. கித்தா மரம் சாய்ந்த இடங்களில் மாளிகைகள் எழுந்தன. மரத்தைச் சீவிய குடும்பங்களோ லயத்தை விட்டு வேறிடம் தேடின.

அடுத்து பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பின், நகரைச் செங்கல்லால் கட்ட முனைந்தபோது சூளைகள் பெருகிய இடம் இது. பெயர்க் காரணமும் அதுவே. ரயில்வே ஊழியரின் குடியிருப்புகளால் தமிழர் ஊராயிற்று. விவேகானந்த ஆசிரமம் 1904-இல் இங்கே தோன்றியது. 'லிட்டில் இந்தியா' என்னும் அலங்காரம் 2010-இல் வந்தது.

இவ்வூரின் பெருஞ்சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்குவதன் காரணத்தையும் விளக்க வேண்டும். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர்; தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அப்பொழுது வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேமிக்கச் சொல்லி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். சீவிய கைகளே தோட்டத்தை விலைக்கு வாங்கின.

இனி நகரத்துள் எதைக் காட்டினாலும் தகும். 1857-இல் கிள்ளானிலிருந்து ஆற்றுவழியே சென்ற சீனச் சுரங்கத் தொழிலாளர் காட்டுக் காய்ச்சலுக்குப் பலியாகி இந்நகருக்கு அடியிட்டதைக் கூறலாம். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயிலையும், 1957 ஆகஸ்ட் 31-இல் ஆங்கிலக் கொடி இறங்கிய திடலையும் காட்டலாம். நாம் மட்டுமே இந்நகரை ஆக்கினோம் என்று பெருமை பேசுதல் கூடாது. நமக்கு இதில் பங்கில்லை என்பதுபோல் வேடிக்கை பார்த்து நிற்பதும் கூடாது.

தோழர்களே! அடுத்த முறை நண்பர் வரும்போது, முதலில் அவரை நம் வீட்டு வாயிலில் சற்று நிறுத்துவோம். ஒரு காலத்தில் இத்தகைய வாயிலுக்கு ஒருவர் கேள்வியின்றி வந்துசேர வேண்டுமென்று கேட்டவர்கள் சிறை சென்றனர், நாடு கடத்தப்பட்டனர், உயிரும் துறந்தனர் என்பதை அவருக்குச் சொல்வோம். அதன் பின்னர் இரட்டைக் கோபுரத்தையும் காட்டலாம்.