அண்ணாவிமார் காத்த விசுவாசம்



"சுவாமி, எனக்கு என்ன தெரியும்? வேறு ஆரையாவது கேளுங்கோ." மறைக்கல்வி படிப்பிக்க அழைக்கும்போதும், அன்பியத்தை வழிநடத்தக் கேட்கும்போதும் பங்குகளில் நமக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது. பொறுப்பை ஏற்பவர்களும் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடுகிறார்கள். ஞாயிறு காலையில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விட, வெறும் வாங்குகளுக்கு முன் நிற்கும் ஆசிரியை சோராமல் என்ன செய்வார்? அவர்களை மனதில் வைத்து, நமது வடபகுதித் திருச்சபையின் பழைய காலமொன்றை இன்று திரும்பிப் பார்ப்போம்.

1658-இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. நமது கோயில்கள் அவர்களுடைய ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய பதிவேட்டில் ஏறாவிட்டால் சொத்துரிமைக்கே சிக்கல். ஆகவே பலர் பகலில் அங்கே போய்ப் பெயர் பதிந்துவிட்டு, இரவில் கதவை அடைத்துச் செபமாலை சொன்னார்கள். இதை இரட்டை வேடம் என்று சொல்வது இன்று எளிது. அப்படிச் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. அந்த அடைத்த கதவுக்குள் படித்த செபம்தான் இன்று நமது வாயில் இருக்கிறது.

இப்படி 29 ஆண்டுகள் கழிந்தன. பூசையையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளைகளையும் பெற்றுவிட்டது.

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறதென்று கவனித்தார். முகங்கள் மாறின. குரு இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் தாய்மாரும் ஊர்ப் பெரியவர்களும் சொல்லிக்கொடுத்தது அழியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பின்னர் சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் ஊர் ஊராகச் சென்று திருவருட்சாதனங்களை வழங்கினார்.

1689 நத்தார் இரவில், திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்கள்மேல் படைவீரர்கள் பாய்ந்தார்கள். பலர் பிடிபட்டார்கள். அடிகளார் தப்பினார். அவருக்காக அடியும் சிறையும் அனுபவித்தவர்கள் பொதுநிலையினரே.

அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முழுத் தீவுக்கும் ஒரே குருவாக இருந்தார். அதில் ஒரு பகுதி கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையில் கழிந்தது. அப்படியானால் மற்ற ஊர்களை யார் பார்த்தது? ஊர்தோறும் அவர் ஏற்படுத்திய அண்ணாவிமாரும் மூப்பர்மாரும்தான். அண்ணாவியார் ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுத்தார், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தார், சாகக் கிடப்பவரின் பாயருகே இருந்து மன்றாடினார். மூப்பர் கோயில் காரியங்களைக் கவனித்தார். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் இவர்கள் கையில் பயன்பட்டன. தவக்காலத்தில் நாம் இன்றும் கேட்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே.

வாஸ் அடிகள் 1711 சனவரி 16-இல் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14-இல் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் கைதட்டினோம். அந்த அண்ணாவிமாரின் பெயர்களோ எந்தப் பீடத்திலும் இல்லை. ஆனாலும் 2021 மே 10-இல் அதே திருத்தந்தை மறைக்கல்வியாளரின் பணியைத் திருச்சபையில் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். நமது ஊர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த பணிதான் அது.

இங்கே குருக்களாகிய நாமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கொடியேற்றத்துக்குப் பணம் சேர்க்கவும், பெருநாளன்று வாகனங்களை ஒழுங்குபடுத்தவும் இவர்களைத் தேடுகிறோம். அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி எப்போது பேசினோம்? முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், பல ஆண்டுகள் படிப்பித்த ஆசிரியை ஒருவர் திடீரென வருவதை நிறுத்தினார். நாம் அதைக் கவனிக்கவே மூன்று கிழமைகள் சென்றன. வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டோம். "ஒருவரும் கேக்கேல்லை, சுவாமி. அதாலை சொல்லேல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் நமக்கு வலித்தது. தேநீர் ஆறும்வரை இருந்து அவருடைய களைப்பையெல்லாம் கேட்டோம். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்குப் பின் திரும்பி வந்தார்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வாகனத்தை எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பிப்பவர் யாரென்று கேட்டு, வகுப்பு வாசல்வரை போய், அவரைப் பெயர் சொல்லி அழைத்துச் சுகம் விசாரியுங்கள். டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா என்பதையும் அந்த வாசலிலேயே பேசிக்கொள்ளலாம்.