சளியின் நிறமும் ஒரு நிமிடக் கணக்கும்

கோவைப் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்குக் 'கபவாதக் காய்ச்சல்' என்ற சொல் நினைவிருக்கும். நிமோனியாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். "ஏழாம் நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்வான்" என்பார்கள் பெரியவர்கள். அது வெறும் நம்பிக்கை அல்ல. மருந்தில்லாத காலத்தில் நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியாவில், பிழைக்கிறவர்களுக்கு ஏழாம் நாளை ஒட்டிக் காய்ச்சல் சடாரென்று இறங்கி, வியர்த்துக் கொட்டும். மேல்நாட்டு மருத்துவ நூல்களும் இதைக் 'கிரைசிஸ்' என்று எழுதி வைத்தன.

நான் அரசு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபோது, மூத்த டாக்டர்கள் சளிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். இரும்புத் துரு நிறம் என்றால் நிமோகாக்கஸ். ரத்தம் கலந்து சிவப்பு ஜெல்லி போலக் கெட்டியாக இருந்தால் கிளெப்சியெல்லா. நோயாளி குடிகாரர் அல்லது சர்க்கரை நோயாளி என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்த இரண்டு கிருமிகளை வைத்து 1880களில் ஜெர்மனியில் பெரிய சண்டையே நடந்தது. நிமோனியாவுக்குக் காரணம் நான் கண்ட கிருமியே என்றார் ஃப்ரீட்லாண்டர். இல்லை, நான் கண்டது என்றார் ஃப்ராங்கல். உண்மையில் அவை இரண்டு வேறு கிருமிகள். பெர்லினில் ஃப்ரீட்லாண்டரிடம் வேலை பார்த்த டென்மார்க்காரர் கிராம், 1884இல் ஒரு சாயமுறையை வெளியிட்டார். அதில் நிமோகாக்கஸ் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கிளெப்சியெல்லா விட்டுவிடும். நூறு ஆண்டு கழித்து நாங்கள் ஸ்லைடில் போட்டதும் அதே சாயம்தான்.

ஆனால் எல்லோருக்கும் துரு நிறச் சளி வருவதில்லை. அறிகுறியை மட்டும் வைத்து இன்ன கிருமி என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. சிறு குழந்தையோ சளியைத் துப்பாமல் விழுங்கிவிடும். 1938இல் 'எம் அண்ட் பி 693' மாத்திரையும், பிறகு பென்சிலினும் வந்தபின் கேள்வியே மாறியது. எந்தக் கிருமி என்பதைவிட, யாருக்கு உடனே மருந்து வேண்டும் என்பதே முக்கியமானது.

அதற்கு விடை தேடியவர்களில் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் உண்டு. பப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் குழு 1984இல் மூச்சு எண்ணிக்கையைப் பற்றி எழுதியது. தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் வேலூர்க் குழந்தைகளிடம் ஆராய்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வேகமான மூச்சும், நெஞ்சு உள்ளிழுப்பதும் நல்ல அடையாளங்கள் என்று கண்டார்கள். எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும்.

இன்றைய கணக்கு இது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டும். நெஞ்சு உள்ளிழுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ தாமதமே கூடாது.

எந்தக் கிருமி என்ற பழைய ஆராய்ச்சியும் வீண் போகவில்லை. அதனால்தான் தடுப்பூசி செய்ய முடிந்தது. ஹிப் கிருமிக்கான மருந்தும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கியது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் நாடு முழுவதும் வந்தது.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலோ இருமலோ இல்லாமலும் போகலாம். திடீரென்று பேச்சு குழம்பினால், மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொட்டால், "வயசாகிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடக் கூடாது.