விழாக் கதையும் விலகி நின்றோரும்

விழா நாள்காட்டியில் வருவது. மகிழ்ச்சியோ உள்ளத்தில் வருவது. இவ்விரண்டும் ஒரே நாளில் கூடிவரும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், திரிங்காப்பிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே அமைந்தது கோலா தெர்லா. தேயிலை மலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் தீபாவளியும் பொங்கலும் கிறிஸ்துமசும் உறவினர் ஒன்றுகூடும் நாள்கள். மலாயாத் தோட்டங்களில் விழாவோடு வாசிப்பும் இணைந்தே வளர்ந்தது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகளை எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். விழாக்காலக் கதைகளில் பிரிந்தவர் கூடினர், பிணங்கியவர் இணங்கினர், முடிவில் மணவிழா நடந்தது.

ஆயினும், தம் பாலினத்தவரையே நேசிக்கும் இயல்பினர்க்கு அக்கதைகளில் இடம் இருக்கவில்லை. "கல்யாணச் சாப்பாடு எப்பொழுது?" என்று உறவினர் வினவும் நன்னாளே அவர்களுக்குத் தனிமை மிகுந்த நாளாயிற்று. இந்நிலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் கதைகளின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்தது. விழாவிற்கு முன்பே ஆறாயிரம் படிகள் விற்றன. விழாவை வெறுத்துத் தனித்திருந்த கருமி ஒருவன், முடிவில் தன் உறவினரோடு விருந்துண்டு மகிழ்கிறான். விலகி நின்றவனையும் விழாவிற்குள் அழைத்துவரக் கதையால் இயலும் என்பதை அந்நூல் நிறுவிற்று. ஆனால் தன்பாலினக் காதலர்க்கு அவ்வழைப்பு வர நூறாண்டுக்கு மேலாயிற்று.

'எ பேசேஜ் டு இந்தியா' தந்த ஈ. எம். ஃபார்ஸ்டர், ஆடவர் இருவரின் காதலைக் கூறும் 'மாரிஸ்' என்னும் நாவலை 1913-14-இல் எழுதினார். அதன் முடிவு இன்பமாகவே அமையவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எனினும் அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. மறைவுக்குப் பின் 1971-இலேயே வெளிவந்தது.

1948 டிசம்பரில், நியூயார்க் நகரின் பெரிய அங்காடி ஒன்றில் பொம்மைப் பிரிவில் பணியாற்றினார் பட்ரீசியா ஹைஸ்மித். விழாக்கால நெரிசலில் பொம்மை வாங்க வந்த மாது ஒருவரின் தோற்றம் அவர் நெஞ்சில் நிலைத்தது. அன்றிரவே கதையின் திட்டத்தை வரைந்தார். 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்னும் அந்நாவலை அவருடைய முதற்பதிப்பாளர் ஏற்க மறுத்தார். 1952-இல் வேறொருவர் வழியே, கிளேர் மார்கன் என்னும் புனைபெயரில் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டில் வந்த மலிவுப் பதிப்பு ஏறத்தாழப் பத்து இலட்சம் படிகள் விற்றது.

கடைப்பெண் தெரீசும், மணவிலக்குப் பெறும் நிலையிலுள்ள கேரலும் கிறிஸ்துமஸ் காலத்தில் சந்திக்கின்றனர். கேரல் தன் மகளைப் பிரிய நேர்கிறது. அத்துயரைக் கடந்தும் இருவரும் முடிவில் இணைகின்றனர். அதுவரை இத்தகைய காதலர் பெரும்பாலும் தற்கொலையிலோ தனிமையிலோ முடிவதே நாவல் மரபு. அம்மரபு மாறியதற்கு நன்றி கூறி வாசகர் பலர் மடல் எழுதினர். ஆசிரியரோ 1990-இல்தான் தம் சொந்தப் பெயரில் 'கேரல்' என அதனை வெளியிட்டார். கேரல் என்னும் சொல் கிறிஸ்துமஸ் கீதத்தையும் குறிப்பது பொருத்தமே. இன்று இத்தகைய விழாக்காலக் காதல் கதைகள் ஆண்டுதோறும் பல வெளிவருகின்றன. 2020-இல் வந்த 'ஹாப்பியஸ்ட் சீசன்' திரைப்படமும் இம்மரபினதே.

தமிழ்ச் சமுதாயத்தில் இம்மாற்றம் சொல்லிலிருந்து தொடங்குகிறது. 2018 செப்டம்பர் 6-இல் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலின உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு, இவர்களை இழிவின்றிக் குறிக்கும் கலைச்சொற்களை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று தமிழில் வழங்குகின்றன. மலேசியச் சட்டம் இன்னும் மாறவில்லை. எனினும், ஒருவரை ஏசாமல் அழைப்பதற்கு எச்சட்டமும் தடையன்று.

சொல் பிறந்துவிட்டது, கதை பிறக்கவேண்டும். வகுப்பறையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன், என்றேனும் ஒரு விழா மலரைப் புரட்டுகையில் தன்னைப் போன்றவன் நலமுடன் வாழ்ந்தான் எனப் படிப்பானாயின், அன்றே அவனுக்கும் பண்டிகை.